எல்லாப் பிழையும் ஒரு பிழை அல்ல

"யார் பண்ணது?"

வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், அலுவலகத்தில் ஒரு பூஜ்யம் கூடிப்போனாலும், ரயில் தடம் புரண்டாலும் முதலில் எழும் கேள்வி இதுதான். ஆள் கிடைத்துவிட்டால் விசாரணை முடிந்தது. 'மனிதத் தவறே காரணம்' என்று செய்தித்தாளில் ஒரு வரி வந்தால் நாமும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

நம் பேச்சில் 'தப்பு' என்ற ஒரே சொல்லுக்குள் திருட்டும் அடங்குகிறது, கூட்டல் பிசகும் அடங்குகிறது. அதனால் கூட்டல் பிசகியவரையும் திருடியவரைப் போலவே நிறுத்திக் கேட்கிறோம். இந்தக் கட்டுரையில் பிழை என்று நான் சொல்வது இரண்டாவதை மட்டும்: வேண்டுமென்று செய்யாமலே, வரவேண்டிய விளைவு விலகிப்போவது. அப்படி விலகுவதில் வகைகள் உண்டு. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குப் பலிக்காது.

## இரண்டு தராசுகள்

சரியாக ஒரு கிலோ எடையுள்ள படிக்கல்லை ஒரு தராசில் ஐந்து முறை வைத்துப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 995, 1004, 1001, 998, 1002 கிராம் என்று காட்டுகிறது. பக்கத்துக் கடைத் தராசு ஐந்து முறையும் 1050 என்றே காட்டுகிறது.

படிக்கல்லின் உண்மை எடை தெரியாத ஒருவர் இரண்டாவது தராசைத்தான் நம்புவார். சொன்னதையே சொல்கிறதே! ஆனால் முதல் தராசின் ஐந்து அளவையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் சரியாக 1000 வருகிறது. இரண்டாவதில் ஐந்து முறை அல்ல, ஐந்நூறு முறை நிறுத்தாலும் 1050தான். தட்டின் அடியில் 50 கிராம் புளி உருண்டை ஒட்டியிருக்கிறது.

முதல் தராசில் இருப்பது சிதறல் பிழை. ஒருமுறை கூடும், ஒருமுறை குறையும்; பலமுறை அளந்து சராசரி எடுத்தால் பெரும்பாலும் கரைந்துவிடும். இரண்டாவதில் இருப்பது சாய்வுப் பிழை. எப்போதும் ஒரே பக்கம் விலகும். திரும்பத் திரும்ப அளப்பதால் ஒரு கிராம்கூடக் குறையாது. பதினோராம் வகுப்பு இயற்பியலில் இவற்றுக்கு ஒழுங்கற்ற பிழை, முறையான பிழை என்று பெயர். 'முறையான' என்ற சொல் மாணவர்களைக் குழப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ நல்ல பிழை என்று எண்ணிவிடுகிறார்கள். அதனால்தான் இங்கே சாய்வு என்கிறேன்.

சுருக்கமாக: சிதறலுக்கு மருந்து மீண்டும் அளப்பது. சாய்வுக்கு மருந்து வேறொன்றால் அளப்பது. ஒரே பதில் திரும்பத் திரும்ப வருவது, அது சரி என்பதற்குச் சான்று ஆகாது.

## பரங்கிமலையில் ஒரு சங்கிலி

சாய்வை எப்படிப் பிடிப்பது என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல கதை இருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பரங்கிமலைக்கு அருகிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இமயம் வரை போன பெரும் முக்கோண நில அளவையின் முதல் கோடு அது. கருவி, 100 அடி நீள எஃகுச் சங்கிலி.

சித்திரை வெயிலில் எஃகு நீளும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். 12 கிலோமீட்டருக்கு அது ஒன்றரை மீட்டரை நெருங்கும். நீண்டுபோன சங்கிலியால் அளந்தால் தூரம் எப்போதும் குறைவாகவே தெரியும். அசல் புளி உருண்டை. லாம்டனின் ஆட்கள் சங்கிலியை மரத் தொட்டிகளுக்குள் கிடத்தி, மேலே கூடாரத்தால் நிழல் தந்து, வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டார்கள். நீட்சியைத் தடுக்க முடியாது. எவ்வளவு நீண்டது என்று தெரிந்தால் கணக்கில் சரிசெய்துவிடலாம்.

ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே பெறலாம். கோணம் அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் ஒன்று இருந்தது. கருவியின் அச்சு சற்றே கோணலாக இருந்தால் எல்லாக் கோணமும் ஒரே பக்கம் சாயும். இதற்கு நில அளவையாளர்களிடம் ஓர் அழகான உபாயம் உண்டு. இரண்டு தட்டுத் தராசில் சந்தேகம் வந்தால் நாம் என்ன செய்வோம்? சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்துப் பார்ப்போம். தராசில் கோணல் இருந்தால், முதலில் கூட்டிக் காட்டியது இப்போது குறைத்துக் காட்டும். அதேபோலத் தொலைநோக்கியைப் புரட்டி, அதே புள்ளியை மறுபடி பார்ப்பார்கள். இன்றைக்கும் சர்வேயர்கள் 'ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட்' என்று சொல்லிக்கொண்டு செய்வது இதைத்தான். இரண்டின் சராசரியில் கோணல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. சாய்வு எந்தப் பக்கம், எவ்வளவு என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவு கவனமாகப் பார்த்த கருவிதான் 1808இல் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் மேல் ஏற்றப்பட்டபோது, கயிறு அறுந்து சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் அதைப் பிரித்துப் போட்டு, வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே சீராக்கினார்.

பூமியின் வளைவால் வரும் சிறு மிகையைக் கழித்துவிட்டால், முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்து 180 டிகிரி வரவேண்டும் என்பது வழியில் உள்ள ஒரு சோதனை. அதைவிடப் பெரிய சோதனை பெங்களூரில் நடந்தது. சென்னைக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டு, அங்கே ஒரு கோட்டின் நீளம் இவ்வளவு இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார்கள். பிறகு அதே கோட்டை 1804இல் தரையில் சங்கிலி போட்டே அளந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சில அங்குலம். ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகள் ஓரிடத்தில் சந்திக்கின்றனவா என்று பார்ப்பது: இந்தக் கட்டுரை முழுவதும் திரும்பத் திரும்ப வரப்போவது இந்த ஒன்றுதான்.

## ஆளும் ஒரு தராசுதான்

லாம்டனுக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1796இல், லண்டனை அடுத்த கிரீனிச் வானாய்வகத்தில் நெவில் மாஸ்கலின் தன் உதவியாளர் டேவிட் கின்னபுரூக்கை வேலையிலிருந்து நீக்கினார். விண்மீன் ஒன்று தொலைநோக்கியின் கம்பியைக் கடக்கும் கணத்தைக் கடிகார ஒலியைக் கேட்டபடியே குறிக்கவேண்டும். கின்னபுரூக் குறித்த நேரம் மாஸ்கலின் குறித்ததைவிட ஏறத்தாழ 0.8 விநாடி பிந்தியிருந்தது. கண்டித்தும் திருந்தவில்லை. அக்கறையில்லாதவர் என்று முடிவாயிற்று.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பிரெடரிக் பெசல் என்ற ஜெர்மானிய வானியலாளர் இதைப் படித்துவிட்டு வேறு கேள்வி கேட்டார்: தேர்ந்த வானியலாளர்கள் இருவர் பார்த்தால் ஒன்றுபோல வருமா? சோதித்தார். வரவில்லை. அவருக்கும் இன்னொரு பெயர்பெற்ற வானியலாளருக்கும் இடையே ஒரு விநாடிக்கும் மேல் வித்தியாசம் இருந்தது. கண்ணும் காதும் சேர்ந்து வேலை செய்வதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையான சாய்வு இருக்கிறது, மாஸ்கலினுக்கும் இருந்தது. அதன்பின் ஆளுக்கு ஆள் எவ்வளவு சாய்வு என்று அளந்து, கணக்கில் கழிக்கும் வழக்கம் வந்தது.

கின்னபுரூக்குக்கு வேலை போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. இருவர் முரண்பட்டார்கள். மேலதிகாரியின் காதுதான் கடிகாரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

## கை தவறுவதும் கணக்கே தவறுவதும்

அளவை விட்டுச் செயலுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குக் கிளம்பி, பழக்கத்தில் வண்டியை அலுவலகத் தெருவில் திருப்பிவிடுகிறோம். இது கைப்பிசகு: நினைத்தது சரி, செய்தது வேறு. மாமியார் வீடு மாறிப்போனது தெரியாமல் பழைய வீட்டுக்கே சரியான வழியில் போய் நிற்கிறோம். இது திட்டப்பிழை: செய்தது நினைத்தபடியே, நினைத்ததுதான் தவறு. ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் மனிதப் பிழைகளை விரிவாக வகுத்தபோது இந்தப் பிரிவினையைத்தான் அடித்தளமாக வைத்தார்.

திட்டப்பிழைக்குப் பயிற்சியும் சரியான தகவலும் உதவும். கைப்பிசகுக்குப் பயிற்சி அவ்வளவாக உதவாது. கை தானாக ஓடும் அளவுக்குப் பழகியவரிடம்தான் அது நிகழ்கிறது. அதனால் "கவனமா இருங்க" என்று சுற்றறிக்கை அனுப்புவது பயனற்றது. கவனம் சிதறினாலும் பிசகாதபடி பொருளைச் செய்யவேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியவர்கள், தரையிறங்கிய பிறகு இறக்கை மடிப்பை (ஃபிளாப்) உள்ளிழுப்பதற்குப் பதிலாகச் சக்கரத்தை உள்ளிழுத்துவிடுவதுண்டு. விமானம் வயிற்றால் தரையைத் தேய்க்கும். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் விமானியறையைப் பார்த்தார். இரண்டு விசையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே தோற்றத்தில் இருந்தன. ஒன்றின் முனையில் சக்கர வடிவக் குமிழ், மற்றதில் ஆப்பு வடிவக் குமிழ் பொருத்துவதுதான் அவர் சொன்ன தீர்வு. தொட்டாலே கைக்குத் தெரியும். உங்கள் கைபேசியின் சிம் அட்டையில் ஒரு மூலை வெட்டப்பட்டிருப்பதும் இதே சிந்தனைதான்: தப்பாகப் போட முயன்றால் உள்ளே போகாது.

இதுவரை பார்த்தவை நான்கு: சிதறல், சாய்வு, கைப்பிசகு, திட்டப்பிழை. இனி, நடந்துவிட்ட பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பார்ப்போம்.

## கல்யாணப் பத்திரிகையில் ஏன் கிழமை?

முகூர்த்தத் தேதி இருந்தால் கிழமை தானாகத் தெரிந்துவிடும். ஆனாலும் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை மூன்றையும் அச்சடிக்கிறோம். வெறும் மரபு என்று தோன்றும். அச்சகத்தில் 12 என்பது 21 ஆகிவிட்டால்தான் அதன் அருமை புரியும். கிழமை ஒத்துப்போகாது, பார்த்தவுடன் யாராவது போன் செய்வார்கள். தேதியும் கிழமையும் மட்டும் இருந்தால் ஏதோ ஒன்று பிழை என்பது தெரியும், எது என்பது தெரியாது. தமிழ்த் தேதியும் இருந்து, அது கிழமையோடு ஒத்துப்போனால் பிழை எதில் என்பதும் தெரிந்துவிடும்.

இப்படித் தேவைக்கு மேல் வைத்திருக்கும் தகவலை உபரி என்போம். கொஞ்சம் உபரி இருந்தால் பிழையைக் கண்டுபிடிக்கலாம். இன்னும் கொஞ்சம் இருந்தால் திருத்தவும் செய்யலாம். எண்மின் (டிஜிட்டல்) உலகம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஆதார் எண்ணில் 12 இலக்கம். கடைசி இலக்கம் மற்ற 11 இலக்கங்களிலிருந்து ஒரு விதிப்படி கணக்கிட்டு வைக்கப்பட்டது. அந்த விதி நெதர்லாந்தைச் சேர்ந்த யாகோபுஸ் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்டது. ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் கடைசி இலக்கம் பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். மனிதக் கை அதிகம் பிசகுவது இந்த இரண்டு வழியில்தான்.

இடமாற்றப் பிசகைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் பெரியப்பா. அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதியவர். பற்றும் வரவும் இடித்தால், முதலில் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார். மீதியில்லாமல் வகுபட்டால், "எங்கியோ ரெண்டு நம்பர் இடம் மாறியிருக்குடா" என்று பேரேட்டைப் புரட்டுவார். 472 என்பதை 427 என்று எழுதினால் வித்தியாசம் 45. அது ஒன்பதின் மடங்கு. எந்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் அப்படித்தான், ஏனென்றால் பத்தாம் இடத்தில் இருந்தது ஒன்றாம் இடத்துக்கு வரும்போது அதன் மதிப்பில் ஒன்பது மடங்கு குறைகிறது, எதிரே போனதற்கு ஒன்பது மடங்கு கூடுகிறது. பிழைக்கும் ஒரு கைரேகை உண்டு என்பதை அன்றைக்குத்தான் கற்றேன்.

டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் உருவானது அது. அதன் புள்ளிகளில் ஒரு பகுதி உபரி. உபரியை மிக அதிகமாக வைக்கும் நிலையில், ஏறத்தாழ 30 சதவீதம் வரை அழிந்தாலும் மீதியிலிருந்து முழுதையும் மீட்டெடுக்கலாம். ஒரு மூலையில் டீ கொட்டிய கட்டமும் பணத்தைச் சரியான கணக்குக்கு அனுப்புவது அதனால்தான்.

## உயிரணுவின் மெய்ப்புத் திருத்தம்

நம் உடலில் ஓர் உயிரணு இரண்டாகும் முன் தன் டிஎன்ஏவை முழுக்கப் படியெடுக்கிறது. பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் நமக்கு வரும் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். படியெடுக்கும் நொதி ஏறத்தாழ லட்சம் எழுத்துக்கு ஒன்று தவறவிடுகிறது. அந்த நொதியே பின்னோக்கி ஓர் அடி வைத்து, பொருந்தாததை வெட்டிவிட்டு மறுபடி எழுதுகிறது. அதையும் தப்பியவற்றைப் பிடிக்க வேறு புரதங்கள் பின்னால் வருகின்றன. எல்லாம் முடிந்தபின் மிஞ்சுவது நூறு கோடி எழுத்துக்கு ஒன்று, அல்லது அதற்கும் குறைவு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பழைய இழையும் புதிய இழையும் ஓரிடத்தில் பொருந்தவில்லை என்றால், பிழை எதில்? புதியதில் என்பது நமக்குத் தெரியும். புரதத்துக்கு எப்படித் தெரியும்? ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் பழைய இழைமேல் சிறு வேதிக் குறிகள் இருக்கும். புதிதாக எழுதிய இழையில் அவை வரச் சற்று நேரமாகும். அந்த இடைவெளிக்குள் குறி இல்லாத இழையைப் பார்த்துத் திருத்திவிடுகிறது. இதை விளக்கிய பால் மாட்ரிச்சும், வேறு பழுதுபார்ப்பு வழிகளைக் கண்ட தாமஸ் லிண்டால், அசீஸ் சன்ஜார் இருவரும் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

## ஏடு பெயர்த்தெழுதியவர்கள்

மூலம் எது என்று காட்டும் குறியே இல்லாவிட்டால்? பழைய தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர்கள் முன் இருந்தது இந்தக் கேள்விதான். ஓலைச்சுவடி செல்லரித்துப்போகும் என்பதால் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதினார்கள். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றுபோல இருக்கும். ரகரமும் துணைக்காலும் (ா) ஒன்றுபோல இருக்கும். படிக்கும்போதே பிசகு நுழைய வழி திறந்திருந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் பல ஊர்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டது இதனால்தான். சுவடிக்குச் சுவடி மாறும் வாசகத்தைப் பாடபேதம் என்கிறோம்.

பத்துச் சுவடியில் ஒன்பது ஒரு பாடத்தைச் சொன்னால் அதுவே சரி என்று தோன்றும். அப்படியல்ல. இரண்டு மாணவர்கள் ஒரே சரியான விடையை எழுதினால் ஆசிரியருக்குச் சந்தேகம் வராது. ஒரே விசித்திரமான தவறான விடையை எழுதினால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார் என்று தெரிந்துவிடும். சுவடியிலும் அதே கதைதான். ஒன்பதும் ஒரே வினோதமான பிழையைச் சுமந்தால், ஒன்பதும் ஒரு பிழையான தாய்ச்சுவடியின் பிள்ளைகள். ஒன்பது சாட்சி போலத் தோன்றுவது உண்மையில் ஒரு சாட்சி. புளி ஒட்டிய தராசில் ஒன்பது முறை நிறுத்ததற்குச் சமம்.

இங்கே பிழையே தடயமாகிறது. எந்தச் சுவடி எதன் வழி வந்தது என்பதைச் சரியான வரிகள் சொல்வதில்லை, தவறான வரிகள்தான் சொல்கின்றன.

## எவ்வளவு பிழை பொறுக்கலாம்?

சுருக்கமாக ஒன்று. தமிழ் இலக்கணம் வழாநிலை, வழு என்று இரண்டோடு நிற்கவில்லை. வழுவமைதி என்று மூன்றாவதும் வைத்தது. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்றால் திணை வழு. ஆனால் உவப்பினால் சொன்னது என்பதால் ஏற்கலாம். காரணத்தோடு அனுமதித்த பிழை. லேத் பட்டறையில் 'டாலரன்ஸ்' என்பதும் இதன் உறவுதான்: தண்டின் விட்டம் 20 மில்லிமீட்டர், 0.05 கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை என்று வரைபடத்திலேயே எழுதிவிடுவார்கள். பூஜ்யம் பிழை கேட்டால் அந்தத் தண்டை யாராலும் கடைய முடியாது.

## கிழிந்த கொசுவலைகள்

மருத்துவமனையில் மேலே சொன்ன எல்லா வகையும் ஒன்றாக வந்து நிற்கும். ரீசன் இதற்கு ஓட்டையுள்ள பாலாடைக்கட்டித் துண்டுகளை உவமை சொன்னார். நமக்குக் கொசுவலை பொருந்தும். ஒவ்வொரு வலையிலும் கிழிசல் உண்டு. நான்கு வலையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினால், எல்லாக் கிழிசலும் நேர்க்கோட்டில் வந்தால்தான் கொசு நுழையும். கடித்த பின், கடைசி வலையருகே நின்றவரை மட்டும் பிடித்துக் கேட்டால் மற்ற மூன்று கிழிசலும் அப்படியே இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கு 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. நோயாளி யார், எந்த இடத்தில் அறுவை, ஒவ்வாமை உண்டா, பஞ்சும் கருவியும் எண்ணியாயிற்றா என்பது போன்ற கேள்விகள். புதுடெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. புது மருந்தோ இயந்திரமோ இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததை வாய்விட்டுக் கேட்டார்கள்.

விமானத் துறை இன்னொன்றும் செய்தது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் பிசகைத் தாங்களே எழுதியனுப்ப ஒரு திட்டம் இருக்கிறது. அறிக்கைகள் போவது தண்டிக்கும் அமைப்புக்கு அல்ல, நாசாவுக்கு. பெயரை நீக்கிவிட்டுத்தான் பகிர்வார்கள். விபத்தாக மாறாமல் தப்பிய பிசகுகள் அப்படித்தான் வெளியே தெரிகின்றன.

என் அம்மா சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கும் அதே பெயர். அவருக்கான மாத்திரையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார் செவிலியர். அரை மணி நேரத்தில் தானே கண்டுபிடித்து, ஓடிவந்து எங்களிடம் சொன்னார், மருத்துவரையும் அழைத்து வந்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் அந்தச் செவிலியரைக் காணவில்லை. வேறு எங்கோ மாற்றிவிட்டார்களாம். ஒரே பெயருள்ள இருவரும் அதே கட்டில்களில் இருந்தார்கள். மருந்துச் சீட்டில் பெயர் மட்டும்தான் இருந்தது. அவரைத் தவிர அங்கே வேறு எதுவும் மாறவில்லை. இனி அந்த வார்டில் இன்னொரு செவிலியர் பிசகினால், ஓடிவந்து சொல்வாரா?

போன வருடம் வேறொரு மருத்துவமனை. அம்மாவின் மணிக்கட்டில் பட்டை. ஒவ்வொரு வேளையும் மாத்திரை தரும் முன் செவிலியர் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டு, பட்டையோடு ஒத்துப் பார்த்துத்தான் கொடுத்தார். மூன்றாம் நாள் அம்மாவுக்குச் சலிப்பு.

"நேத்துதான கேட்டா இந்தப் பொண்ணு? அதுக்குள்ள எம் பேரு மறந்துபோச்சா?"

"மறக்கலம்மா. பத்திரிகைல தேதி போட்டுட்டு கிழமையும் போடுறோம்ல, அந்த மாதிரி."

அம்மா கொஞ்ச நேரம் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வேளைக்குச் செவிலியர் வந்து நின்றதும், கேட்கும் முன்பே கையை நீட்டிப் பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லத் தொடங்கினார்.